ஃப்ளஷ் பண்றதுக்கு முன்னாடி டிடிஎல் பாருங்க

இந்த வார எபிசோட்ல ரெடிஸ் பற்றிப் பேசும்போது, நேரமாயிடுச்சுன்னு பாதியில விட்ட கதை இது. முழுசா சொல்லிடறேன்.

மெல்பர்ன், வெள்ளிக்கிழமை மாலை நாலரை. என் கான்ட்ராக்ட் முடிய இன்னும் பத்து நாள். கிளையன்ட் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனம். அங்கே பிரிவு மாறி மூன்று வாரமான ஓர் ஊழியர், பழைய பிரிவின் சம்பளப் பட்டியல் தனக்கு இன்னும் திறக்கிறது என்று அவராகவே வந்து சொன்னார். நல்ல மனிதர். டேட்டாபேஸில் அவருடைய அனுமதி எப்போதோ நீக்கியாயிற்று. கேஷில் அனுமதி விவரம் 15 நிமிடத்துக்கு மேல் இருக்கவே கூடாது.

"கேஷை ஃப்ளஷ் பண்ணுங்க, சரியாயிடும்" என்றார் மேனேஜர். சரியாகத்தான் ஆகியிருக்கும். கூடவே தடயமும் போயிருக்கும். அவர் கணக்கை முடக்கிவிட்டு, அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, 'கீஸ்' கட்டளையை மட்டும் புரொடக்ஷனில் அடிக்காதீர்கள். ரெடிஸ் கட்டளைகளை ஒரே த்ரெட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடத்தும். 'கீஸ்' மொத்தத்தையும் அலசி முடிக்கும்வரை மற்ற எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பல வருடம் முன்னால் வேறோர் இடத்தில் அடித்து, தளம் நின்று, வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிறேன். 'ஸ்கேன்' கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். ஒரே கீ இரண்டு முறை வரலாம், பரவாயில்லை.

அனுமதிக் கீகளை ஸ்கேன் செய்து ஒவ்வொன்றுக்கும் டிடிஎல் கேட்டேன். 640, 212, 871... நடுவில் ஒரு மைனஸ் 1. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மைனஸ் 2 என்றால் கீயே இல்லை என்று அர்த்தம். மைனஸ் 1 என்றால் கீ இருக்கிறது, ஆனால் அதற்குக் காலாவதியே கிடையாது.

அந்தக் கீகளின் மதிப்பைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. எல்லாவற்றிலும் 'கடைசி வருகை' என்று ஒரு புலம். மொபைல் ஆப்புக்காக இரண்டு மாதம் முன்பு நான் சேர்த்தது! கேஷில் இருப்பதை எடுத்து, நேரத்தைச் சேர்த்து, வெறும் 'செட்' போட்டு திரும்ப வைத்திருந்தேன். வெறும் 'செட்', கீயின் பழைய காலாவதியை அழித்துவிடும். ஹேஷாக வைத்து 'ஹெச்செட்' போட்டிருந்தால் அழிந்திருக்காது. 'கீப்டிடிஎல்' என்றொரு வசதி உண்டு, ஆனால் அது 6.0-இல்தான் வந்தது. அங்கே ஓடியது 5.

ஃப்ளஷ் அடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். மேனேஜரிடம் போய், "என் கோட்தான்" என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "யார் யார் என்னென்ன பார்த்தாங்கன்னு லிஸ்ட் வேணும்" என்றார். லாக்கைத் தோண்டி அதை எடுத்துக் கொடுக்க இரவு பதினொன்றாகிவிட்டது. கடைசி வருகையைத் தனிக் கீயாகப் பிரித்தேன். மைனஸ் 1 கீகளை மட்டும் அழித்தேன்.

கான்ட்ராக்ட் நீட்டிச்சாங்களான்னு கேட்பீங்க. மூணு மாசம். இப்போ தினமும் ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட், காலாவதி இல்லாத அனுமதிக் கீகளை எண்ணி மெயில் அனுப்புது. நேத்து வரைக்கும் பூஜ்யம். இன்னிக்குக் காலையில ரெண்டு. என் கோட் இல்ல, முதல் வேலையா அதைத்தான் பார்த்தேன்.