பிந்தி இழுப்பவனுக்குக் கைத்தட்டல்

தூத்துக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “காசில்லாத காலத்தில்தான் ஜாஸும் ஸ்விங்கும் கொடிகட்டிப் பறந்தனவாம். கஷ்டத்தில் இருக்கும் மூளை துள்ளல் தாளத்தைத் தேடும் என்கிறார்கள். நிஜமா?”

மூளை எதைத் தேடும் என்று அடித்துச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அமெரிக்காவில் 1927இல் சுமார் பத்துக் கோடி இசைத்தட்டுகள் விற்றன. பங்குச்சந்தை சரிந்து பொருளாதார மந்தம் வந்த பிறகு, 1932இல், அறுபது லட்சம். துள்ளலைத் தேடிய மூளைகள் கடைக்குப் போகவில்லை. ஜாஸ் கலைஞர் பென்னி குட்மேன் லாஸ் ஏஞ்சலிஸ் பாலோமர் நடன அரங்கில் வாசித்து ஸ்விங் காய்ச்சலைக் கிளப்பியது 1935 ஆகஸ்டில். அதற்குள் வானொலி வீட்டுக்கு வீடு வந்திருந்தது. பெட்டியை ஒருமுறை வாங்கிவிட்டால் பாட்டுக்குக் காசில்லை. மூளையைவிட இது எளிய விளக்கம்.

அதே மந்தம் இங்கும் அடித்தது. இங்கே களைகட்டியதோ நாடகப் பாட்டு. தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த மேடையிலிருந்து வந்த நாடக நடிகர் கிட்டப்பாவின் குரல் இசைத்தட்டில் சுழன்றது. அதில் ஸ்விங் எங்கே இருக்கிறது? பின்னாளில், 1955 முதல் 2003 வரையிலான அமெரிக்க வெற்றிப் பாடல்களை அலசிய உளவியலாளர்கள், கஷ்டமான ஆண்டுகளில் மெதுவான, நீளமான பாடல்களே முந்தின என்று 2009இல் எழுதினார்கள். அதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். நம் ஊரையே பாருங்கள்: 1920களின் கடைசிக்குப் பிறகு 1955 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. வறுமை தாளத்தைப் பெறும் என்றால் நம் கடற்கரையில் ஒரு ஜாஸ் பிறந்திருக்க வேண்டாமா?

வரலாறு போதும். ஸ்விங்கைக் கேட்டால் கால் ஏன் தானாக ஆடுகிறது? எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

தாளத்தை அசையாமல் உட்கார்ந்து கேட்டாலும், உடலை அசைக்கும் மூளைப்பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. அடுத்த அடி எப்போது விழும் என்று அவை முன்கூட்டியே கணக்குப் போடுகின்றன. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் அம்பா என்னும் மீனவர் பாட்டை எடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிப் பாடுவார்கள். பாட்டு கைக்குச் சொல்லும் சேதி ஒன்றுதான்: இப்போது இழு. இருபது பேரின் பலம் ஒரே நொடியில் கயிற்றில் விழாவிட்டால் வலையின் மடி நகராது.

ஜாஸிலும் டிரம்ஸும் பாஸும்தான் கயிறு பிடிப்பவர்கள். தனியாக வாசிக்கும் சாக்ஸபோன்காரர் மட்டும் வம்பு செய்கிறார். ஜெர்மனியின் கட்டிங்கன் நகர இயற்பியலாளர்கள் நூற்றுக்கணக்கான தனி வாசிப்புகளை அளந்து 2022இல் வெளியிட்ட முடிவு இது: முழு அடியில் விழ வேண்டிய சுரத்தை அவர் சராசரியாக 30 மில்லிநொடி பிந்தி வைக்கிறார். கண்ணிமைப்பதற்கு ஆகும் நேரம்கூட இல்லை. அடிகளுக்கு நடுவே வரும் சுரங்களை மட்டும் பிசகாமல் மற்றவர்களோடு சேர்த்து வைக்கிறார். ஆய்வாளர்கள் கணினியில் இந்தத் தாமதத்தைச் சேர்த்தும் நீக்கியும் கேட்கவைத்தபோது, தாமதம் உள்ளதில்தான் ஸ்விங் கூடுதல் என்று ஜாஸ் கலைஞர்கள் சொன்னார்கள். வித்தியாசம் தெரிந்தது, அது என்ன என்றுதான் அவர்களால் சொல்ல முடியவில்லை!

எல்லாமே ஒரேயடியாகப் பிந்தினால் அது வெறும் சோம்பல். ஒன்று பிந்தி, அடுத்தது ஓடிவந்து சேர்ந்துகொள்வதில்தான் சுவை. மூளை கயிற்றை இழுக்கத் தயாராகிறது, கயிறு ஒரு கணம் தொய்கிறது, உடனே விறைக்கிறது. அந்தத் தொய்வில் கால் முன்னே போய்விடுகிறது என்பது என் ஊகம். கரைவலையில் பிந்தி இழுப்பவனுக்கு வசவு, சமயத்தில் பங்கில் இரண்டு மீன் குறைவு. ஜாஸில் அவனுக்குத்தான் கைத்தட்டல், பங்கிலும் பெரிய சீலா. மீன்வரை வந்துவிட்டேன், உவமையை இங்கே இறக்கி வைக்கிறேன்.

சேர்ந்து இழுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆக்ஸ்போர்டு துடுப்புக்காரர்கள் தனியாகப் பயிற்சி செய்த பிறகு இருந்ததைவிட, குழுவாக ஒரே சீரில் செய்த பிறகு வலியை அதிகம் தாங்கினார்கள் என்கிறது 2010இல் வந்த ஓர் ஆய்வு. உடலே சுரக்கும் வலிநிவாரணி எண்டார்பின் காரணமாகலாம். சோதிக்கப்பட்டவர்கள் பன்னிரண்டே பேர்; ‘இசை வறுமையை ஆற்றும்’ என்று சுவரொட்டி அடிக்க இது போதாது.

அந்த அம்பா பாட்டும் இப்போது குறைந்துவிட்டது. அதற்குக் காரணம் பஞ்சமும் அல்ல, செழிப்பும் அல்ல. படகில் இன்ஜின் ஏறியது. இன்ஜினுக்குத் துடுப்புப் போட ஆள் வேண்டாம், ‘இப்போது இழு’ என்று யாரும் சொல்லவும் வேண்டாம். அதன் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது.