கைப்பக்குவம் இருந்தால் போதுமா?

"மதியச் சாப்பாடு சமைத்துத் தருகிறோம்" என்று ஓர் ஆபீசுக்கு நம் மகளிர் குழு விண்ணப்பம் போட்டால், விலைக்கு முன்னால் அவர்கள் பார்ப்பது, "இவங்க யாரு? இதுக்கு முன்னாடி எங்கே செஞ்சாங்க?" என்பதைத்தான்.

எங்கள் காவாந்தண்டலம் பக்கம் குழுக்கள் எழுதும் விண்ணப்பங்களைப் படிக்கிறேன். "அனைவரும் அனுபவமிக்கவர்கள்" என்று ஒரே வரி! அதில் என்ன தெரியும், சொல்லுங்கள்?

பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல், வாரிய உறுப்பினருக்கான தகுதிகளை ஒவ்வொன்றாக வெட்டி வைத்தார்கள். வயது 35 முதல் 70, வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமே கிடையாது! அந்த நிபந்தனைகள் நமக்கு வேண்டாம். அந்தத் தெளிவு வேண்டும்.

ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள்:

* என்ன பொறுப்பு, எத்தனை வருஷப் பழக்கம்? "சமையல், 12 வருஷம், கல்யாணத்தில் 300 இலை வரை."

* கேட்கிற வேலைக்குப் பொருந்துவதை முதலில் எழுதுங்கள். தினசரி சாப்பாட்டுக்குச் சத்துணவுக்கூட அனுபவம் பெரிது.

* கணக்கு எழுதுபவர் யார்? வரவு செலவு நோட்டு, வங்கிப் புத்தகம், உணவுப் பாதுகாப்புப் பதிவு இவற்றின் நகல்களை இணையுங்கள்.

* ஒருத்தி வராவிட்டால் யார் பார்ப்பார்?

வேலைக்கு வராதவர் பெயரை அழகுக்குச் சேர்க்காதீர்கள். படிக்காதவரா? செய்த வேலையை எழுதுங்கள். "வீட்டில்தான் இருக்கேன்" என்று நாமே ஒதுக்கிவிடும் வருஷங்களும் அனுபவம்தான், சகோதரிகளே!