கம்பியில்லாக் காட்சிசாலை

முன்னாளில் சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் அழைத்து வந்தனர். 1855ஆம் ஆண்டில் எட்வர்டு பால்ஃபர் என்பவர் அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, 1861இல் சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்த 'பீப்பிள்ஸ் பார்க்' என்னும் பூங்காவிற்கு மாற்றப்பட்டது.

சிறுவனாக நான் அங்குச் சென்ற நாள் இன்னும் நினைவில் நிற்கிறது. கம்பிகளுக்குப் பின்னே சிறுத்தை ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. அது எழுவதைக் காண விரும்பி, நான் ஒரு கல்லை எறிந்தேன். அது எழுந்தது, விலகிச் செல்ல இடமின்றிச் சுவரோடு ஒட்டி நின்றது. நானோ வெற்றி பெற்றவனைப்போல் நகைத்தேன்.

அக்காட்சிசாலை பின்னர் வண்டலூர்க் காட்டிற்கு மாற்றப்பட்டு, 1985ஆம் ஆண்டில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பெற்றது. பணி ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில், என் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றேன். ஏறத்தாழ அறுநூறு ஹெக்டேர் பரப்பு. புலிக்கும் நமக்கும் இடையே இருப்பது அகழி. வெகுநேரம் நடந்து களைத்த மாணவன் ஒருவன், "ஐயா, புலியையே காணோமே! வந்தது வீண்" என்று வருந்தினான்.

அவனுக்கு நான் கூறியதையே உங்களுக்கும் கூறுகிறேன். இத்தகைய காட்சிசாலைக்கு இரண்டு அளவுகள் அடிப்படை. ஒன்று, விலங்கு தாவும் தொலைவு. செருமானியரான கார்ல் ஹாகன்பெக் இதனைச் சோதித்தறிந்து, அதனினும் அகன்ற அகழிகளை வெட்டி, 1907இல் ஹாம்பர்க் நகரை அடுத்துக் கம்பியில்லாக் காட்சிசாலையைத் திறந்தார். இவ்வளவு நம்மைக் காப்பது. மற்றொன்று, விலங்கு விலகும் தொலைவு. மனிதர் ஓர் எல்லைக்குமேல் நெருங்கினால் விலங்கு அஞ்சி விலகும். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஹைனி ஹெடிகர் இதனை ஆராய்ந்து விளக்கினார். விலகுவதற்கும் மறைவதற்கும் இடமற்ற கூண்டில் விலங்கு ஓயாத அச்சத்தில் வாழ்கிறது. ஆகவே புதரும் மரநிழலும் அழகிற்காக மட்டும் அமைந்தவை அல்ல. அவை விலங்கிற்குரிய புகலிடங்கள். புலியைக் காணாதது பூங்காவின் குறை அன்று.

அகழியும் ஒருவகைச் சுவர்தானே என்று நீங்கள் வினவலாம். உண்மையே, பூங்கா ஒருநாளும் காடு ஆகாது. ஆயினும், மேற்குத் தொடர்ச்சி மலையையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையில் வாழாத சோலைமந்தி போன்ற அரிய உயிர்களின் மரபு அற்றுப்போகாமல் காக்கும் கடமை இன்று இத்தகைய பூங்காக்களுக்கு உண்டு. அச்சத்தில் வாழும் உயிர் நன்கு இனம் பெருக்குவதில்லை. எனவே மறைந்திருக்கும் உரிமையும் அக்கடமையோடு சேர்ந்ததே.

இவ்வாறு பேசியபின் நாங்கள் சற்று நேரம் அசையாமல் நின்றோம். மூங்கிற் புதரின் நிழலில் ஒரு காது மட்டும் அசைந்தது. "ஐயா, அதோ!" என்று அம்மாணவன் தாழ்ந்த குரலில் கூறினான். அக்குரலில் இருந்த மரியாதை, சிறுவனாய்க் கல்லெறிந்த நாளில் என்னிடம் இல்லை. நீங்கள் அங்குச் செல்லும்போது கூச்சலிடாமல் சிறிது காத்திருங்கள். புலி வாராவிடினும், அது அஞ்சாமல் உறங்குகிறது என்று எண்ணி மகிழ்ந்து திரும்புங்கள்.