முருகைத் தொட்டியும் ஒளியின் அளவும்

கடலடியிற் பல நிறங்காட்டி நிற்கும் முருகையைச் செடியென்றுங் கல்லென்றுங் கருதுவார் பலர். உண்மையில் அது விலங்கினத்தைச் சேர்ந்தது. கல்சியங் காபனேற்றாலாகிய கூட்டினைத் தானே ஆக்கி, அதன்மீது வாழ்வது. அதன் கலங்களுள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவின் பெரும்பகுதி முருகைக்கே சேர்கின்றது; முருகையின் கழிவுகளோ அல்காவுக்கு உரமாகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஓம்பும் வாழ்க்கைக்கு ஒளியே முதலாகும். ஆகவே தொட்டியில் முருகை வளர்ப்போன் அமைக்கும் விளக்கு காட்சிக்குரிய அணி மட்டுமன்று. அதுவே அவ்வுயிரின் அடுக்களையுமாகும்.

முன்னர் இத்தொட்டிகளுக்கு உலோக ஏலைட்டு விளக்குகள் பெரிதும் பயன்பட்டன. அவை பேரொளி தந்தனவாயினும் நீரையும் வெப்பமாக்கின. இக்காலத்தில் எல்.ஈ.டி. என வழங்கும் ஒளிகாலும் இருவாயி விளக்குகளே பெருவழக்காயுள்ளன. இவற்றுட் சிறப்பானது நீலவொளி. வினைத்திறன் மிக்க நீல இருவாயியை ஆக்கியமைக்காக அக்கசாக்கி, அமானோ, நக்கமுறா என்னும் மூவர்க்கும் 2014 ஆம் ஆண்டிற் பௌதிகவியலுக்குரிய நோபெற் பரிசு வழங்கப்பட்டது. கடல்நீர் செவ்வொளியை மேற்பரப்பை அடுத்த சில மீற்றர்களிலேயே பெரிதும் உறிஞ்சிவிடும். நீலவொளியே ஆழத்திற் செல்லும். முருகையின் அல்காக்களும் நீலவொளியை நன்கு கவர்வன. ஆதலாற் தொட்டி விளக்குகளில் நீலம் மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றது.

ஈண்டுத்தான் கண் ஏமாற்றுகின்றது. மனிதக் கண் பகலிற் கூர்மையாக உணர்வது 555 நனோமீற்றர் அலைநீளமுடைய பச்சையொளியை. 450 நனோமீற்றர் நீலவொளிக்கு அதன் உணர்திறன் இருபதிலொரு பங்கினுங் குறைவு. எனவே, பார்ப்போனுக்கு மங்கலாகத் தோன்றுந் தொட்டி அல்காவுக்குக் கடும்வெயிலாயிருத்தல் கூடும். பழைய விளக்கைப்போல இது கையிற் சூடாகப் பட்டும் எச்சரிப்பதில்லை. ஒளி மிகுந்தவிடத்து அல்காவினுள் தீங்கு பயக்கும் ஒட்சிசன் வடிவங்கள் தோன்றுகின்றன. முருகை அல்காவை இழந்து வெளிறுகின்றது. அவ்வெளிறலைக் கண்டு, ஒளி போதாதென மயங்கி மேலுங் கூட்டுவோர் உளர். பசித்திருப்பதாக எண்ணி, சுட்ட புண்ணிலே மீண்டுஞ் சுடுதலை ஒக்கும் அது.

ஆதலின் கண்ணை விடுத்துக் கருவியை நம்புதல் வேண்டும். ஒளித்தொகுப்புக்கு உதவுவது 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள ஒளி. அதனை ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஒரு செக்கனுக்கு இத்துணை மைக்குரோமூல் என அளப்பர். அயனமண்டலத்து நண்பகல் வெயில் கடன்மேற்பரப்பில் ஏறத்தாழ 2000 அளவினது. தொட்டியில் மென்முருகைக்கு 100 அளவும், கிளைத்து வளரும் அக்குறோப்போறா இனத்துக்கு 200 முதல் 350 வரையும் பொதுவாகப் போதுமானவை. முருகை இருக்கும் இடத்திலேயே அளத்தல் முறை. புது விளக்கைப் பாதி வலுவில் தொடங்கி, நான்கு முதல் ஆறு கிழமைகளிற் படிப்படியாக உயர்த்தல் நன்று. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். ஒளியின் வலு, நேரம், நிறம் என்பவற்றுள் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றவேண்டும். இன்றேல் விளைவின் காரணம் புலப்படாது. ஒளி குறைந்த முருகை அல்காவைப் பெருக்கிக் கபில நிறமடையும். வெளிறிய முருகையாயின், நீரின் வெப்பநிலையை முதலிற் சோதித்து, பின்னர் ஒளியைக் குறைத்தல் தக்கது.

தொட்டியிற் காணும் இவ்வெளிறல் கடலிலும் நிகழ்வதே. 1998 ஆம் ஆண்டில் இந்து சமுத்திரம் வழமைக்கு மாறாக வெப்பமுற்றபோது, இலங்கையின் இக்கடுவை முருகைகளும் வெளிறி, அவற்றுட் பல மடிந்தன. கடலின் வெப்பத்தைக் குறைக்குந் திருகு எவர் கையிலும் இல்லை. தொட்டியின் ஒளியைக் குறைக்குந் திருகோ வளர்ப்போன் கையிலேயே உள்ளது. அதனைப் பொறுமையோடு திருப்பக் கற்றவனே முருகை வளர்க்கத் தகுதியுடையவன்.