ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம்... ஆனால் களத்தில் இறக்குவார்களா? கூடைப்பந்துப் பிள்ளைகள் காலேஜ் தேர்வு செய்வது எப்படி?

வடுகபட்டி என்றதும் பூண்டு மார்க்கெட்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், மே மாதம் வந்துவிட்டால் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் கண்ணெல்லாம் பக்கத்து ஊரான பெரியகுளத்தின் மீதுதான். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டிக்கு ராணுவம், கப்பற்படை, ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி என்று பெரிய அணிகள் வந்து இறங்கும்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதும் அதே மே மாதத்தில்தான். நன்றாக ஆடும் பிள்ளையின் வீட்டில் அப்போது ஒரே கேள்வி: ‘எந்த காலேஜ்?’

அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

அங்கே டியூக், நார்த் கரோலினா பல்கலைக்கழகங்கள் பரம வைரிகள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 16 கிலோமீட்டர்தான். ஒரே பையனுக்கு இரண்டு கோச்சுகளும் வலை வீசுவார்கள். 2025 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணமும் கொடுக்கலாம். ஆனால், அங்கும் பார்க்க வேண்டிய முதல் விஷயம், ‘ஆட இடம் கிடைக்குமா?’ என்பதுதான். நார்த் கரோலினாவில் சேர்ந்த மைக்கேல் ஜோர்டானுக்கு முதல் வருடமே களம் கிடைத்தது. 1982 இறுதிப்போட்டியில் வெற்றிக்கான பந்தைக் கூடைக்குள் போட்டவர் அவர்தான்.

நம்ம ஊர்க் கணக்கு

இங்கே நல்ல ஆட்டக்காரருக்கு ஃபீஸ் சலுகை, ஹாஸ்டல், சாப்பாடு என்று கல்லூரிகள் கொடுக்கின்றன. அதைத் தாண்டி ஒரு வித்தியாசம் இருக்கிறது. எஸ்.ஆர்.எம்., சத்யபாமா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், அதன் அணியே பல்கலைக்கழக அணி. நேராகத் தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம். ஆனால், மாநிலத்தின் சிறந்த பிள்ளைகள் பலர் அங்கே குவிந்திருப்பார்கள். பெஞ்சிலேயே 3 வருடம் ஓடிவிடும் ஆபத்தும் உண்டு.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இணைந்த உள்ளூர் கல்லூரியில் சேர்ந்தால், கல்லூரி அணியில் இடம் எளிதாகக் கிடைக்கும். ஆனால், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஜொலித்து, தேர்வில் ஜெயித்த பிறகே பல்கலைக்கழக அணிக்குப் போக முடியும்.

ஒரு சான்றிதழின் மதிப்பு

இது ஏன் முக்கியம்? மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்குத் தரப்படும் ‘படிவம் 3’ செல்லும். கல்லூரிகளுக்கு இடையே எத்தனை கோப்பை ஜெயித்தாலும் அந்தப் படிவம் கிடைக்காது. நம் வீடுகளில் கூடைப்பந்து என்றால் கடைசியில் ஒரு வேலைதானே! இந்திய அணியின் முன்னாள் கேப்டன் அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

சேரும் முன் கேளுங்கள்

* என் இடத்தில் ஆடும் சீனியர்கள் எத்தனை பேர்? எப்போது படிப்பை முடிக்கிறார்கள்?
* கடந்த வருடம் எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குப் போனார்கள்?
* காலில் அடிபட்டு ஆட முடியாமல் போனால் ஃபீஸ் சலுகை தொடருமா? எழுத்தில் தருவீர்களா?
* போட்டிக்காகத் தேர்வைத் தவறவிட்டால் மறுதேர்வு உண்டா?

கோச்சிடம் மட்டும் கேட்காமல், அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனிடமும் பேசிப் பாருங்கள். உண்மை நிலவரம் அவனுக்குத்தான் தெரியும்.