16 மில்லிவினாடிக்குள் ஒரு படம்

சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வருகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு முடிந்த அளவு பணம், மிச்சம் இருப்பதில் மற்ற பாகங்கள். இந்தக் கணக்கில் பாதி சரி. கேமிங்குக்கான கம்ப்யூட்டரில் மிக விலை உயர்ந்த பாகமாக கிராபிக்ஸ் கார்டு இருப்பதே நியாயம். ‘மிச்சம்’ என்று ஒதுக்கும் இடத்தில்தான் கணக்கு தப்புகிறது. ராமில் ஐந்நூறு, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஆயிரம், மதர்போர்டில் இன்னொரு ஆயிரம் என்று பிடித்த பணத்தை வைத்து கார்டை ஒரு படி உயர்த்தினால், அந்த ஒரு படியின் பலனை மற்ற பாகங்கள் தின்றுவிடுகின்றன. சிறிய பட்ஜெட்டில் கட்டும் கம்ப்யூட்டரை கார்டில் ஒரு படி இறங்குவது கெடுப்பதில்லை. சுற்றி இருக்கும் பாகங்களில் தப்பான இடத்தில் பிடித்த சிக்கனம்தான் கெடுக்கிறது. இதைப் பார்க்க விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு நேரத்தை அளக்க வேண்டும்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வினாடிக்கு 60 முறை படத்தை மாற்றுகிறது. அப்படியானால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிவினாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இது 6.9 ஆகச் சுருங்குகிறது. இந்த அவகாசத்துக்குள் இரண்டு வேலைகள் முடிய வேண்டும். எதிரி எங்கே ஓடுகிறான், வீசிய பொருள் எங்கே விழும், திரையில் எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டு, வரையச் சொல்லும் கட்டளைகளை அனுப்புவது பிராசஸரின் வேலை. அந்தக் கட்டளைகளை வாங்கி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமும் வெளிச்சமும் கொடுப்பது கிராபிக்ஸ் கார்டின் வேலை. 1080பி திரையில் 1920க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள். இத்தனையையும் ஒரே நேரத்தில் கவனிக்கத்தான் கார்டில் ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகள் இருக்கின்றன. சாதாரண விலையில் வந்த, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டிலேயே 1,792 அலகுகள். கார்டு ஒரு படத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசஸர் அடுத்த படத்துக்கான கணக்கைத் தொடங்கிவிடுகிறது. மாடிக்குக் கான்கிரீட் போடும் நாளில் சட்டி கைமாறிப் போகும் வரிசை போலத்தான் இது. வரிசையில் மெதுவாக இருக்கும் ஒருவரின் வேகமே மொத்த வரிசையின் வேகம். மற்றவர்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் கை நீட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

நீண்ட காலம் கிராபிக்ஸ் கார்டுகளை மதிப்பிட்டவர்கள் வினாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், என்ற சராசரியை மட்டும் சொல்லிவந்தார்கள். 2011 செப்டம்பரில் ‘தி டெக் ரிப்போர்ட்’ இதழில் ஸ்காட் வாசன் வேறு வழியில் அளந்தார். ஒவ்வொரு ஃபிரேமும் வர எத்தனை மில்லிவினாடி ஆனது என்று தனித்தனியாகப் பதிவு செய்தார். சராசரியில் சமமாக நின்ற கார்டுகள், இந்த அளவீட்டில் ஒன்றுக்கொன்று வித்தியாசமாகத் தெரிந்தன. காரணம் எளிது. ஒரு வினாடியில் 59 ஃபிரேம்கள் தலா 14 மில்லிவினாடியில் வந்து, ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 174 மில்லிவினாடி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் சரியாக 1,000 மில்லிவினாடி, சராசரி 60 ஃபிரேம். தாளில் குறையே தெரியாது. விளையாடுகிறவருக்கோ திரை சட்டென்று உறைந்து மீண்டது தெரியும். அதற்குள் ஆட்டத்தில் தலை போயிருக்கும். சில மில்லிவினாடி வித்தியாசம் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கண் ஃபிரேம்களை எண்ணுவதில்லை, சீரான ஓட்டம் உடைவதைக் கண்டுபிடிக்கிறது. இன்று நல்ல மதிப்பீடுகளில் சராசரியோடு, மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகத்தையும் தனியாகக் கொடுப்பது இதனால்தான். சின்னச் சின்னச் சிக்கனங்கள் சராசரியை அதிகம் தொடாமல் இந்த 1 சதவீதத்தில்தான் கை வைக்கின்றன.

ஆகவே பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மானிட்டரிலிருந்து பின்னோக்கித் தொடங்க வேண்டும். 1440பி திரையில் 1080பியைப் போல 1.78 மடங்கு புள்ளிகள், 4கே திரையில் சரியாக 4 மடங்கு. புள்ளிகள் பெருகினால் சுமை ஏறுவது கார்டுக்கு. பிராசஸருக்கு ஏறக்குறைய அதே வேலைதான். மாறாக, வினாடிக்கு 60 ஃபிரேம் போதும் என்ற இடத்திலிருந்து 144க்குப் போனால் இரண்டின் அவகாசமும் சேர்ந்து குறைகிறது. ‘வேலரண்ட்’, ‘கவுண்டர் ஸ்ட்ரைக் 2’ போன்ற போட்டி ஆட்டங்களை அதிக வேகத்தில் ஆட நினைப்பவருக்கு முதலில் மூச்சு வாங்குவது பிராசஸர். விரிந்த நகரத்தையும் நிழலையும் மழையையும் வரையும் பெரிய கதை ஆட்டங்களில் முதலில் திணறுவது கார்டு. ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் 1080பி திரையில்தான் ஆடுகிறார்கள். குறைந்த பட்ஜெட்டில் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 4கே மானிட்டரை வாங்கி வைத்து அதற்குப் பொருந்தாத கார்டால் ஓட்டுவதைவிட அது அறிவான முடிவு.

சிக்கனங்கள் ஒன்றை ஒன்று எப்படிக் கெடுக்கும் என்பதற்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டைவிட நல்ல சான்று இல்லை. 2022 ஜனவரியில், கார்டுகளுக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், பட்ஜெட் வாங்குபவர்களைக் குறிவைத்து ஏஎம்டி வெளியிட்ட கார்டு அது. நினைவகம் 4 ஜிபி மட்டும். மதர்போர்டோடு பேசும் பிசிஐஇ பாதையும் நான்கே தடங்கள் கொண்டது. கார்டின் சொந்த நினைவகம் வினாடிக்கு 144 ஜிபி தரவைக் கொடுக்கும்; ஆட்டத்துக்கு 4 ஜிபி போதும்வரை பிரச்சினை இல்லை. அது நிரம்பி வழிந்த மறுகணம், சுவரின் தோற்றத்தையும் துணியின் தோற்றத்தையும் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து அந்தக் குறுகிய பாதை வழியாக இழுக்க வேண்டும். பிசிஐஇ 4.0 மதர்போர்டில் அந்தப் பாதையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி, 3.0 மதர்போர்டில் 4 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. அதாவது ஒரு படத்துக்கான 16.7 மில்லிவினாடியில் 3.0 பாதை வழியாக வந்து சேரக்கூடியது ஏறக்குறைய 65 எம்பிதான். கேட்டது அதைவிட அதிகமானால் படம் தாமதம். இதே கார்டை இரு வகை மதர்போர்டுகளிலும் சோதித்தபோது, 3.0இல் பல ஆட்டங்களின் வேகம் கண்கூடாகச் சரிந்தது. மலிவு விலையில் எல்லோரும் வாங்கிய பி450, ஏ520 மதர்போர்டுகளும் ரைசன் 5 5500, 5600ஜி பிராசஸர்களும் பிசிஐஇ 3.0 வகையைச் சேர்ந்தவை. ஆக, யாருக்காக இந்தக் கார்டு வந்ததோ அவர்களிடமே அது மிக மோசமாக ஓடியது. பாகங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பட்டியலிலும் இது தெரியாது. அதே காலத்தில் விற்ற, 8 ஜிபி நினைவகமும் எட்டுத் தடங்களும் கொண்ட ஆர்எக்ஸ் 6600 இந்தக் குழியில் விழவில்லை.

ராமிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 16 ஜிபி டிடிஆர்4 3200 ராம் ஒரே துண்டாக இருந்தால் வினாடிக்கு 25.6 ஜிபி தரவைக் கொடுக்கும். அதே 16 ஜிபியை இரண்டு 8 ஜிபி துண்டுகளாக வாங்கி, மதர்போர்டு கையேட்டில் காட்டியிருக்கும் இரண்டு ஸ்லாட்டுகளில் பொருத்தினால் 51.2 ஜிபி. பிற்பாடு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்று ஒற்றைத் துண்டை வாங்குபவர்கள் பாதிப் பாதையை மூடிவிட்டு ஓட்டுகிறார்கள். தனிக் கார்டு இல்லாமல், 5600ஜி போல உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசஸரை நம்புகிறவருக்கு இந்த இழப்பு இன்னும் கடுமை. அங்கே வரைகிற பகுதிக்கும் இந்த ராம்தான் சோறு போட வேண்டும். பிராசஸர் பெரும்பாலும் கணக்குப் போட முடியாமல் திணறுவதில்லை, தரவு வராமல் காத்திருக்கிறது. ராமிலிருந்து ஒரு தகவல் வர 70 நானோவினாடி ஆனால், 4.5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசஸர் அதற்குள் 300க்கு மேற்பட்ட சுழற்சிகளை இழந்திருக்கும். ஏஎம்டியே 2022இல் இதை நிரூபித்தது. ரைசன் 7 5800எக்ஸ் 4.7 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். அதற்குப் பின் வந்த 5800எக்ஸ்3டியின் உச்சம் 4.5தான். ஆனாலும் ஆட்டங்களில் பின்னதே முந்தியது. உள்ளே இருக்கும் எல்3 கேஷ் நினைவகத்தை 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக உயர்த்தியதால், ராமுக்குப் போய்க் காத்திருக்கும் தடவைகள் குறைந்தன. செலவே இல்லாத ஒரு காரியமும் இங்கே உண்டு. 3200 என்று அச்சிட்ட ராமை வாங்கிப் போட்டால் பெரும்பாலும் அது தானாக அந்த வேகத்தில் ஓடாது. மதர்போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கும்வரை 2133, 2400, 2666 என்று ஏதோ ஒரு குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கடைக்காரர் முன்னால் இதைச் சரிபார்த்துவிட்டு வருவது நல்லது.

எல்லோரும் கடைசியில் பார்ப்பது எஸ்எம்பிஎஸ். முதல் வரிசையில் வர வேண்டியது அதுதான் என்பேன். 132 வாட் இழுக்கும் ஆர்எக்ஸ் 6600, 65 வாட் வகை பிராசஸர், மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் முழுச் சுமையில் 250 வாட் பக்கம்தான் வரும். ஆகவே 750 வாட், 850 வாட் என்று பெரிய எண்ணைத் தேட வேண்டியதில்லை. நேர்மையான 450 அல்லது 550 வாட் போதும். நேர்மையைப் பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் பார்க்கலாம். பிராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் வரிசையில். அங்கே 36 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 432 வாட். மேலே பெரிதாக 500 வாட் என்று அச்சிட்டு, 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் என்று சிறு எழுத்தில் போட்டிருந்தால் நமக்குப் பயன்படுவது 240 வாட் மட்டும். கார்டு இழுக்கும் மின்சாரம் சீராகவும் இருப்பதில்லை, நொடியின் சிறு துளிக்குள் எகிறி இறங்கும். 2022இல் எஸ்எம்பிஎஸ்களுக்காக வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, குறித்த அளவைப் போல இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோவினாடி தாங்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். 80 பிளஸ் முத்திரை இருந்தால் போதாதா என்ற கேள்வி வரும். அந்த முத்திரை சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே. சோதனையும் 23 டிகிரி அறையில் நடப்பது. ஷார்ட் ஆனால் அணைந்துகொள்ளுமா, நம் ஊர் மே மாதத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. தரமற்ற ராம் ஆட்டத்தைத்தான் கெடுக்கும். தரமற்ற எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

வெப்பத்தைப் பற்றியும் இதே கவலைதான். அறை 10 டிகிரி சூடானால் உள்ளே சில்லுகளும் ஏறக்குறைய 10 டிகிரி கூடுதலாகச் சூடாகும். எல்லையைத் தொட்டதும் அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் வண்ண விளக்குமாக இருக்கும் கேபினெட்டைவிட, வலை வைத்துக் காற்று புகும் கேபினெட் சென்னைக்கும் மதுரைக்கும் ஏற்றது. சேமிப்புக்கு எஸ்எஸ்டி கட்டாயம் வேண்டும். ஆனால் சாட்டா வகையிலிருந்து என்விஎம்இ வகைக்குப் போவதால் இன்றைய பெரும்பாலான ஆட்டங்களில் கிடைக்கும் லாபம் சொற்பம்.

எதிர்காலத்துக்காக இப்போதே பெரிய மதர்போர்டையும் பெரிய பிராசஸரையும் வாங்கிவிட வேண்டும் என்பது வலுவான வாதம் போலத் தோன்றும். ஏஎம்டி பிராசஸர்களைப் பொருத்தும் ஏஎம்4 சாக்கெட்டின் வரலாறு அதற்கு எதிராகப் பேசுகிறது. 2017இல் முதல் ரைசனுக்காகச் சாதாரண பி350 மதர்போர்டு வாங்கிய பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து, ஐந்து ஆண்டு கழித்து வந்த 5800எக்ஸ்3டியை அதிலேயே பொருத்த முடிந்தது. தொடக்கத்தில் அடக்கமாக வாங்கி, தேவை வந்தபோது மாற்றியவருக்கே லாபம். இந்த வாதம் உண்மையில் பொருந்துவது கார்டின் நினைவகத்துக்கு. அதை மட்டும் பிற்பாடு கூட்ட முடியாது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் பிராசஸரும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ள 16 ஜிபி இருந்தது. அதை அடிப்படையாக வைத்து உருவான ஆட்டங்கள் கம்ப்யூட்டருக்கு வரத் தொடங்கியபோது 8 ஜிபி கார்டுகள் திணறின. 2023இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ வெளியானபோது எழுந்த புகார்களில் இதுவும் ஒன்று; பின்னர் வந்த திருத்தங்கள் நிலைமையை ஓரளவு சீராக்கின. 1080பியில் அமைப்புகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு 8 ஜிபி இன்றும் ஓடும். ஒரே கார்டின் 8 ஜிபி, 16 ஜிபி வடிவங்களுக்கு நடுவே நிற்பவர், பிராசஸரில் ஒரு படி இறங்கியாவது இரண்டாவதை எடுக்கலாம் என்பது என் கருத்து.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்கள் வந்தபின் இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். 1080பி திரையில் ‘குவாலிட்டி’ அமைப்பில் இவை 1280க்கு 720 அளவில் வரைந்து, பின்பு பெரிதாக்கிக் கொடுக்கின்றன. வரைய வேண்டிய புள்ளிகள் 44 சதவீதமாகக் குறைகின்றன. பயனுள்ள நுட்பம், சந்தேகமே இல்லை. ஆனால் சுமை இறங்குவது கார்டுக்கு மட்டும். ஒற்றை ராமோடு திணறும் பிராசஸர் அப்போதும் அதே இடத்தில்தான் நிற்கும்; கார்டு வேகமாகிவிட்டதால் அதன் தாமதம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பழைய கார்டு வாங்கலாமா என்பது வேறு கேள்வி. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றி, கார்டுகளை வைத்து அந்த நாணயத்துக்காகச் ‘சுரங்கம் தோண்டும்’ தொழில் படுத்தபோது, சந்தையில் பழைய கார்டுகள் குவிந்தன. இரவும் பகலும் ஓடிய கார்டில் முதலில் தேய்வது ஃபேனும் வெப்பப் பசையும், அவற்றை மாற்றிவிடலாம். பில்லும் மிச்ச வாரண்டியும் இருந்து, கடையிலேயே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டினால், சிறிய பட்ஜெட்டுக்கு அது நல்ல வழி. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தொட வேண்டாம்.

ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்து எதை மாற்றுவது என்று தெரியாமல் நிற்பவர், பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். வழக்கமாக ஆடும் ஆட்டத்தில் ஒரே இடத்தில் நின்று, ஃபிரேம் நேரத்தைக் காட்டும் இலவச மென்பொருளை ஓடவிட்டு, திரையின் துல்லியத்தை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். வேகம் நன்றாகக் கூடினால் தாமதம் கார்டில். எண் அசையவே இல்லை என்றால், புதுக் கார்டு வாங்கியும் அது அசையப்போவதில்லை. பயாஸைத் திறந்து ராம் எத்தனை துண்டு, என்ன வேகம் என்று பாருங்கள். சராசரி நன்றாக இருந்தும் இடையிடையே திரை உறைகிறது என்றால், கார்டின் நினைவகம் நிரம்பியிருக்கிறதா என்பதையும் சில்லுகளின் வெப்பத்தையும் அதே மென்பொருள் காட்டிவிடும்.