எதிராளியின் கண்ணுக்குரிய நியாயம்

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளின் வழியே நடப்பவருக்கு டேபிள் டென்னிஸின் நினைவு எழக் காரணமில்லை என்று தோன்றலாம். ஆயினும், வாணிபத்துக்கென்று இந்தியாவில் முதன்முதலாக எழுந்த ரப்பர் தோட்டம் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் 1902-இல் தோன்றியதையும், ரப்பரின் அன்றாட விலையைச் சொல்லும் சந்தைகளில் கொச்சி இன்றும் ஒன்றாக விளங்குவதையும் அறிந்தவர்கள், அந்த மரத்துப் பாலில் பிறந்த மெல்லிய தகடு ஒன்று ஒரு விளையாட்டின் சுபாவத்தையே மாற்றிய சரித்திரத்தை இங்கிருந்து தொடங்குவது பொருத்தமே என்பார்கள்.

ஆட்டத்தின் அளவுகள் எளியவை. மேஜையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர், உயரம் 76 சென்டிமீட்டர். வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர், பந்தின் எடை 2.7 கிராம். இருவர் ஆடுகையில் ஆளுக்கு இரண்டு சர்வீஸ் வீதம் மாறி மாறிப் போட்டு, முதலில் 11 புள்ளி எடுப்பவர் ஜயிக்கிறார். 10-10 என்று சமமாகிவிட்டால் சர்வீஸ் ஒவ்வொன்றாக மாற, இரண்டு புள்ளி முந்துகிறவரைக்கும் ஆட்டம் நீளும். சர்வீஸ் பந்து வலையை உரசிச் சரியாக விழுந்தால் அது லெட், மறுபடி போடவேண்டும். இவற்றை ஒரு மாலைப்பொழுதில் யாரும் கற்றுவிடலாம். ஆனால் மட்டையையும் சர்வீஸையும் பற்றிய சட்டங்கள் வேறு ஜாதி: வருகிற பந்து எப்படிப்பட்டது என்பதை அறிந்துகொள்ள எதிராளிக்கு உரிமை உண்டு என்ற ஒரே தத்துவம் அவற்றின் அடியில் ஓடுகிறது.

அந்த உரிமை பறிபோன இடம் நம் பம்பாய். 1952-இல், ஆசியாக் கண்டத்தில் முதன்முறையாக உலகப் போட்டி அங்கே நடந்தபோது, சிறு முளைகள் கொண்ட ரப்பர் ஒட்டிய மட்டைகளே எங்கும் பழக்கத்தில் இருந்தன. அவை பந்தைத் தொடும்போது எழும் ‘டொக்’ என்ற ஓசையைக் கொண்டே அடியின் வேகத்தைக் கணித்துவிடும் அளவுக்கு ஆட்டக்காரர்களின் காது பழகியிருந்தது. ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாடோ, தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையோடு இறங்கினார். ஓசையே எழவில்லை, பந்தோ எதிர்பாராத வேகத்தில் பாய்ந்தது. ஐரோப்பிய நிபுணர்கள் திகைத்து நிற்க, இறுதியில் ஹங்கேரியின் கோசியானையும் வென்று அவர் உலகப் பட்டத்தை அடைந்தார். அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. மீறுவதற்கு அப்போது சட்டமே இல்லை. பின்னர் 1959-இல் வெறும் ஸ்பாஞ்சு விலக்கப்பட்டு, ரப்பரும் ஸ்பாஞ்சும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்கவேண்டும் என்ற வரம்பு ஏற்பட்டது. மட்டை எந்த அளவிலும் வடிவத்திலும் இருக்கலாம். அதன் பலகையில் மட்டும் 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்கவேண்டும் என்பது விதி.

சர்வீஸின் கதையும் இவ்விதமே. 1930-களில் அமெரிக்கர் சிலர் பந்தை விரல்களுக்கிடையே திருகிச் சுழலவிட்டு அடிக்கக் கற்றதன் விளைவாகவே, விரித்த உள்ளங்கையில் பந்து சும்மா அமர்ந்திருக்க வேண்டும் என்ற விதி பிறந்தது. அங்கிருந்து அது சுழற்சியின்றி, ஏறக்குறைய நேர்மேலாக, 16 சென்டிமீட்டராவது எழுந்து, இறங்கும்போதே மட்டையைச் சந்திக்க வேண்டும். மேஜையின் விளிம்புக்குப் பின்னால், அதன் மட்டத்துக்கு மேலே. தோளாலும் முழங்கையாலும் பந்தை மறைத்து அடிக்கும் தந்திரம் வெகுகாலம் செல்லுபடியாகி, 2002-இல்தான் ஒழிந்தது. வெகு முன்னரே ஒழிந்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மட்டையின் இரு பக்கமும் ஒரே நிறத்தில் இருந்த நாளில், ஒரு பக்கம் பந்தைச் சுழற்றும் ரப்பரும் மறுபக்கம் சுழற்சியை விழுங்கும் ரப்பரும் ஒட்டி, ஆட்டத்தினிடையே மட்டையைக் கைக்குள் திருப்பி, ஓசை கேளாதபடி காலைத் தரையில் ஓங்கி மிதித்த சாமர்த்தியசாலிகளும் உண்டு. 1980-களில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்று விதித்தார்கள். 2021 முதல் கறுப்பு நிலைத்து நிற்க, சிவப்புக்குப் பதில் வேறு பிரகாசமான நிறமும் அனுமதிக்கப்படுகிறது. 2018-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற மணிகா பத்ரா, நீண்ட முளை ரப்பரால் எதிரிகளைத் தடுமாற வைத்தவர். அவர் மட்டையைத் திருப்புவது எதிராளியின் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே அது கலை.

பந்தும் மாறியது. 38 மில்லிமீட்டராக இருந்த அதன் விட்டம், சிட்னி ஒலிம்பிக்ஸ் முடிந்தபின் 2000-இல் 40 ஆயிற்று. மறு ஆண்டே 21 புள்ளி ஆட்டம் 11 ஆகச் சுருங்கியது. கற்பூரம் சேர்த்துச் செய்த செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றுவதாகையால், 2014 முதல் பிளாஸ்டிக் பந்து வந்தது. சென்னையின் சரத் கமல், சிறுவயதில் 38 மில்லிமீட்டர் செல்லுலாய்டு பந்தில் பழகி, 2006-இல் மெல்போர்னிலும் 2022-இல் பர்மிங்காமிலும் வெவ்வேறு பந்துகளில் காமன்வெல்த் தங்கம் வென்றார். பத்துமுறை தேசியப் பட்டம் பெற்றவர் அவர். ஆயினும், தம் கையின் பழக்கத்தை நடுவயதில் கலைத்துக் கட்டிய அந்த உழைப்பைத்தான் நான் பெரிதென்று மதிக்கிறேன்.

கொச்சியிலோ, தெற்கே ஆலப்புழை ஒய்.எம்.சி.ஏ. கூடத்திலோ பயிலத் தொடங்கும் பிள்ளைக்குப் பெற்றோர் விலையுயர்ந்த வேக மட்டையை வாங்கித் தருவதை நான் ஆட்சேபிக்கிறேன். இருபுறமும் வழவழப்பான ரப்பர், அடியில் மெல்லிய ஸ்பாஞ்சு, கனமில்லாத பலகை. ஆரம்பத்துக்கு இவை போதும். நம் கடலோரத்து ஈரக்காற்றில் ரப்பரின் பிடிப்பு சீக்கிரம் மங்குவதால், ஆடி முடித்ததும் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலரவிட்டு, உறையில் இட்டு வைக்கவேண்டும்.